பேசாத ஸ்டீயரிங்

“டீச்சர், பேசாத ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டு மனுசன் என்னங்க பண்றது?”

வந்ததும் வராததுமாக சென்னியப்பன் இதைத்தான் கேட்டார்.

“டீ குடிக்கிறீங்களாண்ணா?” என்றார் மங்கை டீச்சர்.

கோவைக்கு வெளியே, கார்ப் பந்தயம் ஓடுகிற டிராக்கை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் மங்கையின் பள்ளிக்கூடம். ஒரு காலத்தில் ராலிக்கு ராலி கோப்பை வாங்கி வந்தவர். இப்போது வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். சொல்லிக் கொடுக்கிறார் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வருவதற்குள் டயர் தேய்ந்துவிடும் என்பார்கள்.

சென்னியப்பன் வார்ப்படப் பட்டறை முதலாளி. வயதில் மங்கையைவிட நன்றாகவே மூத்தவர். ஆனாலும் வளைவில் வண்டியைத் திருப்பக் கற்றுக்கொண்டது இவரிடம்தான். அதனால் அவருக்கு இவர் டீச்சர், இவருக்கு அவர் அண்ணா.

டீ கொதிக்கட்டும். அதற்குள் சண்டை என்னவென்று சொல்லிவிடலாம்.

கார்ப் பைத்தியங்களுக்கு ஊரில் ஒரு சங்கம் உண்டு. அந்தச் சங்கம் கும்பிடுகிற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. கம்பெனி பேர் வேண்டாம், இருக்கிற சண்டையே போதும். காலங்காலமாக அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைத் திருப்ப எண்ணெயின் அழுத்தம்தான் கைகொடுத்து வந்தது. புது வடிவத்தில் எண்ணெயை எடுத்துவிட்டு, ஒரு சின்ன மின்மோட்டாரை வைத்துவிட்டார்கள்.

அவ்வளவுதான் விஷயம். அதற்குச் சங்கம் இரண்டாகப் போயிற்று.

பழைய வண்டியில் ரோட்டில் கிடக்கிற பொடிக்கல்கூட விரலுக்கு வந்து சேதி சொல்லும், மோட்டார் அதையெல்லாம் விழுங்கிவிடுகிறது என்றது எண்ணெய்க் கட்சி. மோட்டார் எண்ணெயைவிடத் துல்லியம், கேட்கத் தெரியாத கைக்கு யார் என்ன செய்ய முடியும் என்றது கரண்டுக் கட்சி. பிறகு இரண்டும் ஒன்றையொன்று வாட்சப்பில் கழுவி ஊற்றின. ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் எதிர்க்கட்சி உட்கார்ந்துவிட்டது என்று ஒருவர் எழுந்தே போனார். ரசத்துக்கு முன்பே போய்விட்டார், அதுதான் பாவம்.

ஒரு நாள் இரண்டு கட்சியும் திரண்டு மங்கையிடம் தீர்ப்புக் கேட்க வந்தன.

“என் ஜீப்பு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. கொஞ்சம் தள்ளுங்க” என்றார் மங்கை.

எல்லோரும் சேர்ந்து மேடேற்றித் தள்ளினார்கள். ஜீப் கிளம்பியது. மங்கை அதிலேயே ஏறிக் கறிகாய் வாங்கப் போய்விட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர்கள் ஒருவருக்கொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டார்கள். தீர்ப்பு வந்துவிட்டது என்று அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சாயங்காலம் வாட்சப்பில் மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

இந்தச் சண்டைக்குத் தீ வைத்த வாய் சென்னியப்பனுடையது.

சங்கத்தில் ஒரு வழக்கம். புது வண்டி வாங்கினவர் அதை நேரே டிராக்குக்குக் கொண்டுவந்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார். ஆனால் முதல் சுற்றை அவர் ஓட்டக் கூடாது. சென்னியப்பன்தான் ஓட்டுவார். ஓட்டிவிட்டு இறங்கி ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அதற்குப் பிறகு சங்கத்தில் அந்த வண்டிக்கு அதுதான் பேர். ஒன்றுக்குக் ‘குதிரை’ என்றார். ஒன்றுக்குப் ‘பாயசம்’ என்றார். அந்த ஆள் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போனார்.

சென்னியப்பனின் கைக்கு அப்படி ஒரு மரியாதை. அது விரல் இல்லை, வைத்தியர் நாடி பிடிக்கிற விரல் என்பார்கள்.

புது வடிவத்தை முதலில் வாங்கினவர் அல்போன்ஸ். பேக்கரிக்காரர். கல்லூரி நாளிலிருந்து சென்னியப்பனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். வண்டி வந்த அன்று கடையிலிருந்த கேக்கையெல்லாம் டிராக்குக்குத் தூக்கி வந்துவிட்டார். சென்னியப்பன் ஒரு சுற்றுப் போய் வந்தார். கூட்டம் சுற்றி நின்றது. அல்போன்ஸ் நண்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொணம்” என்றார் சென்னியப்பன்.

சிரித்தவர்கள் சிரித்தார்கள். அல்போன்ஸ் சிரிக்கவில்லை. சாவியை மங்கையிடம் கொடுத்துவிட்டு ஒரு ஆட்டோவில் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து சென்னியப்பன் அழைத்தால் போனை எடுப்பதில்லை. வண்டி மங்கையின் கொட்டகையில் உறை போட்டுக் கிடக்கிறது.

சென்னியப்பனும் மறுநாளிலிருந்து எந்த வண்டியையும் தொடவில்லை. தன் பழைய வண்டியைக்கூடத் தொடவில்லை. நல்ல ஸ்டீயரிங்கின் காலம் போச்சே என்று அண்ணன் துக்கம் காக்கிறார் என்று எண்ணெய்க் கட்சி பேசிக்கொண்டது. அவரும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தார்.

டீ கொதித்துவிட்டது.

மங்கை இரண்டு எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினார். தன்னுடையதைத் துப்பட்டா நுனியால் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். சென்னியப்பன் தன்னுடையதை உள்ளங்கையும் விரலுமாக அப்படியே வளைத்துப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

எண்ணெய் இருந்த காலத்து அருமை பெருமையைச் சொன்னார். மோட்டாரை நம்பினவன் கெட்டான் என்றார். இனி இந்த உலகத்தில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது, பேசாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பட்டறையோடு கிடக்கலாம் என்று தோன்றுகிறது என்றார்.

மங்கை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை நீட்டி அதை அவரிடமிருந்து வாங்கி பெஞ்சில் வைத்தார்.

“எவ்வளவு நாளாண்ணா?”

“எதுங்க?”

“கை.”

“கைக்கு என்னங்க? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

மங்கை அவருடைய கையைத் திருப்பி அவருக்கே காட்டினார். விரல்கள் சிவந்து போயிருந்தன.

சென்னியப்பன் கையைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயை எவ்வளவு நாள்தான் சோற்றில் மறைக்கிறது?

பிறகு எல்லாம் வந்தது. கொஞ்ச காலமாகவே விரல் நுனிகள் மரத்துக் கிடக்கின்றன. உறை மாட்டின மாதிரி இருக்கிறது. சட்டைப் பொத்தான் போட முடிவதில்லை. பொத்தான் துவாரம் சின்னது என்று தையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். உடம்பில் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் வரச் சொல்லியிருந்தார், போகவில்லை. போனால் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அல்போன்ஸின் வண்டியை ஓட்டின அன்று மனதறிந்து பொய் சொல்லவில்லை. ஸ்டீயரிங் உண்மையிலேயே செத்துக் கிடந்தது. மோட்டார்தான் காரணம் என்று நம்பித்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். சாயங்காலம் தன் பழைய வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினார். பொடிக்கல்லைக்கூட விரலுக்குச் சொல்லும் அந்த எண்ணெய் ஸ்டீயரிங்கும் பேசவில்லை.

அப்போது தெரிந்தது. ஆனால் வார்த்தை அதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. அல்போன்ஸிடம் போய் உண்மையைச் சொன்னால் ஓட்டம் போச்சு. சொல்லாவிட்டால் சிநேகிதன் போனான். தேள் கொட்டின திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் கூடத்தையே இடிச்சுப் போட்டனுங்க, டீச்சர்.”

மங்கை அவருடைய டீயை ஆற்றி மறுபடி பெஞ்சில் வைத்தார்.

“இனி என்னால ஓட்டவே முடியாதுங்களா?”

கேட்க வந்த கேள்வி இதுதான். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட உறை.

மங்கை எழுந்து போய் அல்போன்ஸின் வண்டிமேல் கிடந்த உறையை இழுத்தார். வண்டி சிவப்பாக, ஒரு பாவமும் அறியாமல் நின்றது. சென்னியப்பனுக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் பழக்கத்தில் ஓட்டுநர் பக்கம் போய்க் கதவில் கை வைத்தார்.

“அந்தப் பக்கம்” என்றார் மங்கை.

கொட்டகைக்குப் பின்னால் வட்டமான ஒரு சிமெண்டுத் தரை. வழுக்கலில் ஓட்டப் பழகுகிற இடம். மங்கை ஹோஸைத் திறந்துவிட்டுத் தரை முழுக்க நனைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் இருந்த சென்னியப்பனிடம் ஒரு துண்டை நீட்டினார்.

“கண்ணக் கட்டிக்குங்க. கை ரெண்டையும் தொடைக்கு அடியில வச்சுக்குங்க.”

“எதுக்குங்க?”

“நான் வட்டமா ஓட்டறேன். முன் டயர் பிடிய விடற நேரத்துல ‘இப்போ’ன்னு சொல்லுங்க.”

“டீச்சர், ஸ்டீயரிங் உங்க கையில இருக்குது. எனக்கு எப்படிங்க தெரியும்?”

மங்கை வண்டியைக் கிளப்பினார்.

முதல் வட்டத்தில் சென்னியப்பன் ‘இப்போ’ என்பதற்குள் வண்டி வழுக்கி வெளியே போயிருந்தது. பார்த்தாயா, போச்சு, எல்லாம் போச்சு என்று மனது புலம்பியது. இரண்டாவது தடவையும் பிந்திவிட்டார்.

மங்கை மறுபடி ஓட்டினார்.

இந்தத் தடவை சென்னியப்பன் புலம்பவில்லை. புலம்பிப் புலம்பி அலுத்துவிட்டது. கண் இல்லை, கை இல்லை, செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். வண்டி வேகம் பிடித்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. சரிந்துகொண்டே வந்த உடம்பு, ஓரிடத்தில், மாடிப்படியில் இல்லாத கடைசிப் படியில் கால் வைத்த மாதிரி, சட்டென்று லேசாயிற்று.

“இப்போ.”

அதற்குப் பிறகுதான் வண்டி வழுக்கி வெளியே போயிற்று.

மங்கை திசையை மாற்றினார். சென்னியப்பன் மறுபடியும் சரியாகச் சொன்னார். வேகத்தை மாற்றினார். அப்போதும் சொன்னார். ஒரு தடவை மங்கை அந்த எல்லை வரைக்கும் கொண்டுபோய், தாண்டாமல் வேண்டுமென்றே திரும்பினார். “இல்லீங்க, இன்னும் வரல” என்றார் சென்னியப்பன். குரலில் அவருக்கே தெரியாமல் பழைய அதட்டல் வந்திருந்தது.

மங்கை நிறுத்தினார். போய் முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். சென்னியப்பன் குழாயடிக்குப் போய்த் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டு வந்தார். மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டார். வண்டி கிளம்பி ஒரு வட்டம் முடியவில்லை, அவர் முகம் சுளித்தார்.

“நிறுத்துங்க டீச்சர்.”

“ஏண்ணா?”

“பின்னாடி, எடது டயர்ல காத்து கம்மியா இருக்குது. வண்டி அங்க உக்காருது.”

அவர் சொல்லி முடித்தபிறகுதான் மீட்டரில் காற்றுக் குறைவைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. சென்னியப்பன் கண்கட்டை அவிழ்த்துவிட்டு அந்த விளக்கைப் பார்த்தார். மங்கை அவர் முன்னால் உள்ளங்கையை விரித்தார். அதில் டயர் வால்வின் குட்டி மூடி இருந்தது.

“எங்கண்ணா தெரிஞ்சுது?”

சென்னியப்பன் யோசித்தார். விரல்களைப் பார்த்தார். அவை தொடைக்கு அடியில் நசுங்கி, வரி வரியாகத் தடம் விழுந்து கிடந்தன. அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தயங்கிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த சீட்டைத் தட்டிக் காட்டினார்.

“இங்கீங்க.”

மங்கை சிரித்துவிட்டார். சென்னியப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். துண்டு கைக்கு அருகிலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. எத்தனையோ நாளாக நெஞ்சுமேல் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கினால் மனிதன் அழத்தான் செய்வான். மங்கை அவசரப்படுத்தாமல் இறங்கிப் போய் டயருக்குக் காற்று அடித்தார்.

திரும்பி வந்து தன் கையை நீட்டினார்.

“பிடிங்க. இறுக்கி.”

சென்னியப்பன் இறுக்கினார்.

“போதும், விடுங்க. வலிக்குது.” மங்கை கையை உதறிக்கொண்டார். “பிடி போகல. நுனிதான் போயிருக்கு. டாக்டரப் பாருங்க. மீதிய அவர் சொல்லட்டும்.”

சொல்லிவிட்டு சாவியை அவரிடம் கொடுத்து, தான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

சென்னியப்பன் ஒரு சுற்று ஓட்டினார். மாட்டுவண்டி வேகம்தான். ஸ்டீயரிங் முன்போலவே ஊமையாக இருந்தது. ஆனால் மேடு எங்கே, பள்ளம் எங்கே, பழைய தார் முடிந்து புதுத் தார் தொடங்குகிற இடம் எங்கே என்று முதுகும் இடுப்பும் சொல்லிக்கொண்டே வந்தன. நல்ல வண்டியாக இருந்தது. நல்ல வண்டி என்று நினைத்ததும் அவருக்கு நெஞ்சு குத்தியது, கூடவே அல்போன்ஸின் முகமும் வந்தது.

கேட் பக்கம் வந்ததும் மங்கை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

சென்னியப்பனுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. சங்கத்துக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமே.

“ஏனுங்க டீச்சர், அப்போ எண்ணெய் சரிங்களா, கரண்டு சரிங்களா?”

மங்கை கதவைச் சாத்தினார்.

“அல்போன்ஸண்ணன் கடைக்கு வழி தெரியுமில்லீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கொட்டகையைப் பார்த்து நடந்தார்.

சென்னியப்பன் ஊருக்குள் ஓட்டிப் போனார். பால் கேன் கட்டின ஒரு மொபெட் அவரைத் தாண்டிப் போயிற்று. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்கினான். ஸ்போர்ட்ஸ் காரை இப்படி ஓட்டுகிற ஆளை அவன் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டான். சென்னியப்பனுக்குக் கோபமே வரவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, போய்யா ராசா, நீ முன்னாடி போ என்று வழிவிட்டார்.

பேக்கரியில் காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அல்போன்ஸ் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று ஒரு கேக் டப்பாவுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் தன் வண்டி வந்து நிற்பதைப் பார்த்தார். அதிலிருந்து இறங்குவது யார் என்றும் பார்த்தார். குனிந்து நூலைக் கட்டுவதைத் தொடர்ந்தார்.

வரும் வழியெல்லாம் சென்னியப்பன் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

“அல்போன்ஸு, செத்தது வண்டியில்லடா. என் விரலு.”

அல்போன்ஸின் கை நின்றது.

“மரத்துப் போச்சுடா. என் வண்டியும் எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. அன்னிக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்கிட்ட வந்து சொல்லல. பயந்துட்டேன்.”

அல்போன்ஸ் நூலை அறுத்தார். டப்பாவை வாங்க வந்தவரிடம் கொடுத்து அனுப்பினார். மாவுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். சென்னியப்பன் அடி விழும் என்றே நினைத்தார். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தார்.

அல்போன்ஸ் அவருடைய வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரல் நுனியை நகத்தால் அழுத்தினார்.

“வலிக்குதா?”

“இல்லடா.”

அடுத்த விரல். அதற்கடுத்தது.

“இது?”

“இல்லடா.”

அல்போன்ஸ் கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சென்னியப்பனின் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, புஜத்தில் சதையோடு சேர்த்து ஒரு கிள்ளு கிள்ளினார். சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“டேய், வலிக்குதுடா.”

“வலிக்கட்டும்” என்றார் அல்போன்ஸ். “சாவியக் குடு. டாக்டர் மத்தியானம் வரைக்கும்தான் இருப்பாரு.”